கடைத்தெருவில் திரை கட்டுவது எப்படி? பினாங்கில் ஆவணப்படத்தையும் சமகாலக் கலையையும் பொதுவெளிக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் லெபோ பசாரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் முதன்முறையாக ஓர் ஆவணப்படம் காட்டினோம். படம் நல்ல படம். ஒளிவீச்சுக் கருவியும் (புரொஜெக்டர்) நல்லது. ஆனால் திரைக்கு நேர் எதிரே ஒரு கடையின் விளம்பரப் பலகை இரவு முழுக்க வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. படத்தில் முகங்கள் வெளுத்துப் போய்த் தெரிந்தன. கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, "அண்ணே, காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அணைச்சிருப்பேனே. டைமர்ல இருக்கு, சாவி எங்க அண்ணன் கையில" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்றைக்குக் கற்றதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. கூட்டாண்மை என்றதும் நாம் பெரிய நிறுவனங்களையும் பதாகையில் வரிசையாக நிற்கும் சின்னங்களையும் நினைக்கிறோம். அவையும் தேவைதான். ஆனால் முதல் கூட்டாளி அந்தத் தெருவில் விளக்கின் சாவியை வைத்திருப்பவர். இரண்டாவது கூட்டாளி, படத்தில் முகம் தெரிகிறவர். நிதி கொடுப்பவர் மூன்றாவதாகத்தான் வருவார். இந்த வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

கீழே சொல்வது பெரும்பாலும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனை வைத்துச் சொல்வது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ செய்பவர்களுக்கும் இதே படிகள்தான். மாநகர் மன்றத்துக்குப் பதிலாகக் கோலாலம்பூர் மாநகராட்சியிடம் போக வேண்டும்.

முதல் படி: படத்தைத் தேடாதீர்கள், தெருவில் நடங்கள்

நிகழ்ச்சிக்கு நான்கு மாதம் முன்னால் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வேறு எதுவும் வேண்டாம், நடந்தால் போதும். நீங்கள் நினைத்திருக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், குறைந்தது மூன்று இரவு போய் நில்லுங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்குக் கதவை இழுக்கிறது, லாரி எப்போது சரக்கு இறக்குகிறது, எந்தக் கடையிலிருந்து பாட்டு கேட்கிறது, கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அஞ்சடியில் வழக்கமாக உட்காருபவரின் இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பது மனதில் இருக்கட்டும். முன்வரிசை நாற்காலியை அவருக்கே கொடுத்துவிடுவது என் வழக்கம்.

நேரக் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். பினாங்கில் ஆண்டு முழுதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் மறைகிறது. எட்டு மணிக்கு முன்னால் திறந்தவெளியில் படம் தெளிவாகத் தெரியாது. பெரும்பாலான மாதங்களில் மஃரிப் என்ற மாலைத் தொழுகை ஏழரையை ஒட்டி வரும், இஷா என்ற இரவுத் தொழுகை எட்டரையை ஒட்டி வரும், அந்த நாளின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கு லிட்டில் இந்தியாவின் பல சந்துகளில் கேட்கும். அதனால் மஃரிப் முடிந்ததும் வரவேற்பு, எட்டு மணிக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவான ஒரு குறும்படம், இஷா பாங்கின்போது ஒலியை நிறுத்தி இடைவேளை, பிறகு முக்கியப் படம் என்று வைத்தால் யாருக்கும் சங்கடம் இருக்காது. அந்த இடைவேளையில் தேநீர் கொடுக்கலாம். உண்மையில் மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்குவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

நாட்களையும் பாருங்கள். நோன்பு மாத இரவுகள் வேண்டாம். தீபாவளிக்கு முந்திய மாதம் லிட்டில் இந்தியாவில் நிற்கவே இடம் இருக்காது, வியாபாரிகளுக்கு அது ஆண்டின் முக்கியமான காலம். தைப்பூசத்தில் லெபோ பினாங்கின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிப் போகும். அந்த வாரம் தெரு உங்களுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள், தைப்பூசத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஜூலையும் ஒரு நல்ல வாய்ப்பு. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த நாளை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் தெருக்களில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன, மக்களும் வெளியே வரத் தயாராக இருப்பார்கள்.

இரண்டாம் படி: இடத்துக்கு ஏற்ற படைப்பு

மூன்று இரவு நின்றுவிட்டால் அந்தத் தெரு எதைப் பற்றிப் பேச விரும்புகிறது என்பது ஓரளவு புரிந்துவிடும். துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடத்தில் கடல்வேலை பற்றிய படம். ஆயிர் ஈத்தாம் பக்கத்து வண்ணாந்துறையில் உழைப்பும் நீரும் பற்றிய படம். 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் குடியிருப்பில் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் பற்றிய படம். வெளிநாட்டுப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. பிரேசில் துறைமுகத் தொழிலாளர் பற்றிய படத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

நீளம் முக்கியம். உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு முப்பதிலிருந்து ஐம்பது நிமிடம் போதும். தொண்ணூறு நிமிடப் படத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில், கொசுக்கடியில் பார்க்கச் சொல்வது நியாயமல்ல. நடந்து போகிறவர்களுக்காகச் சுவரில் ஓடும் காணொளிக் கலை என்றால் ஐந்து, ஆறு நிமிடத்துக்குள், எந்த இடத்தில் வந்து நின்றாலும் புரிகிற மாதிரி, பேச்சில்லாமல் இருப்பது நல்லது.

படத்தோடு ஒரு கலைப்படைப்பையும் சேர்க்கச் சொல்வேன். படம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அஞ்சடித் தூண்களில் வைத்த புகைப்படங்கள், ஒரு கதவிடுக்கிலிருந்து மெதுவாகக் கேட்கும் பழைய தொழிலாளர் ஒருவரின் குரல், துணியில் அச்சிட்ட வரைபடம் போன்றவை இரண்டு வாரம் நிற்கும். காலையில் பால் வாங்க வருபவரும் பார்ப்பார். ஜார்ஜ்டவுன் சுவர்களில் பொருத்தியிருக்கும் 52 இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்களைப் பாருங்கள். அந்தந்தத் தெருவில் நடந்ததை அந்தந்தத் தெருவிலேயே சொல்வதால்தான் அவற்றின் முன் உள்ளூர்க்காரர்களும் நிற்கிறார்கள். 2012இல் எர்னஸ்ட் சகாரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியம் உலகம் முழுதும் தெரிந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்தால் ஆர்மேனியன் தெருவின் அன்றாட வாழ்க்கையே மாறிப்போனது. உங்கள் படைப்பு நன்றாக வந்தால் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தை அங்கே வாழ்பவர் விரும்புவாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கூட்டாளிகளைச் சேர்த்தல்

தெருவிலிருந்து தொடங்குங்கள். எதிரே, பக்கத்தில், மேல்மாடியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் நேரில் போங்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பூக்கடை அக்காவிடம் பேசும்போது, "அக்கா, சனிக்கிழமை ராத்திரி இங்க ஒரு படம் போடலாம்னு இருக்கோம், உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?" என்று கேட்டாலே போதும். அவர் உடனே கேட்கும் முதல் கேள்வி "முடிஞ்சதும் யார் கூட்டுவா?" என்பதுதான். அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். நாசி கண்டார் சோற்றுக்கடை பாயிடமும் சீனக் கடை முதலாளியான தவுக்கேயிடமும் அதே மரியாதையோடு, அவரவர் மொழியில் பேசுங்கள். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். லிட்டில் இந்தியா தமிழர்களுக்கு மட்டும் சொந்தமான தெரு அல்ல, எப்போதும் அப்படி இருந்ததும் இல்லை.

அடுத்து, சமூக அமைப்புகள். கோயில் நிர்வாகக் குழுவிடம் நாற்காலி, மண்டபம், மின்சாரம் மூன்றும் இருக்கும். மழை வந்தால் ஓடி ஒதுங்க அந்த மண்டபம்தான் துணை. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து அந்த இடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களை அணுகும்போது படத்தை முதலில் அவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இன்னொரு நல்ல துணை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் பேட்டி எடுத்து அதை ஒலிப்படைப்பாக மாற்றினால், அந்த நாற்பது குடும்பமும் திரையிடலுக்கு வரும். இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவதாகக் கலை நிறுவனங்களும் நிதி தருபவர்களும். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையில் இயங்கும் ஹின் பஸ் டிப்போ திறந்தவெளி நிகழ்ச்சிகளில் பழகிய இடம். கருவி, தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள், கலைஞர்களின் தொடர்பு ஆகியவை அங்கே கிடைக்கும். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் பாரம்பரிய வட்டாரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லும். 2009இல் பினாங்கில் தொடங்கிய திங்க் சிட்டி, ஜார்ஜ்டவுனில் சமூகத் திட்டங்களுக்கு மானியம் கொடுத்த அனுபவமுள்ள அமைப்பு. 2010இலிருந்து நடக்கும் ஜார்ஜ்டவுன் திருவிழாவோடு உங்கள் நிகழ்ச்சியை இணைத்தால் வெளியூர்ப் பார்வையாளர்கள் கிடைப்பார்கள். மனித உரிமை சார்ந்த ஆவணப்படம் என்றால், 2003இலிருந்து நடந்துவரும் பிரீடம் பிலிம் பெஸ்ட் குழுவினருக்கு இந்த நாட்டில் இப்படிப்பட்ட படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன அனுபவம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஐந்துக்கு மேற்பட்ட கூட்டாளிகளைச் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை கூடக் கூட முடிவெடுக்க யாரும் இல்லாமல் போகும்.

நான்காம் படி: ஒரு பக்க உடன்படிக்கை

நண்பர்கள்தானே என்று வாய்மொழியில் விட்டுவிடாதீர்கள். ஒரே பக்கம், தமிழிலும் மலாயிலும் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அதில் இவை தெளிவாக இருக்க வேண்டும்: யார் என்ன தருகிறார்கள், மின்சாரக் கட்டணம் யாருடையது, நாற்காலியை யார் கொண்டுவந்து யார் திருப்பிக் கொடுப்பது, இரவே யார் கூட்டிப் பெருக்குவது, மழை வந்தால் எத்தனை மணிக்கு யார் முடிவெடுப்பது, எடுத்த புகைப்படங்களை யார் எங்கே பயன்படுத்தலாம், நிகழ்ச்சி முடிந்ததும் படக்கோப்பு யாரிடம் இருக்கும்.

இவற்றைவிட முக்கியமான ஒரு வரி உண்டு: படைப்பின் உள்ளடக்கத்தில் நிதி தருபவருக்கு உரிமை இல்லை. முன்பு ஒரு முறை, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பணம் தந்த ஒரு நிறுவனம் படத்தில் ஒரு தொழிலாளர் ஊதியத்தைப் பற்றிப் பேசும் பகுதியை வெட்டச் சொன்னது. எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்களால் உறுதியாக மறுக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தை முழுதாகக் காட்டினோம். அந்தத் தொழிலாளர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அவர் பேச்சை வெட்டிக் காட்டியிருக்க முடியுமா?

படத்தில் இருப்பவர்களோடும் ஓர் ஒப்புதல் தேவை. கேமராவுக்கு முன்னால் பேச ஒப்புக்கொண்டவர், தன் தெருவிலேயே, தன் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அது ஓடுவதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டிலேயே மடிக்கணினியில் போட்டுக் காட்டுங்கள். "இது வேண்டாம் தம்பி" என்று ஒரு காட்சியைச் சொன்னால், இயக்குநரிடம் பேசி எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: உரிமையும் அனுமதியும்

இந்தப் படியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் பதிப்புரிமை. கட்டணச் சேவையில் ஒரு படத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் வீட்டில் பார்க்கும் உரிமைதான் உங்களுக்கு உண்டு. பொதுவில் காட்டத் தனியாகத் திரையிடல் உரிமை வாங்க வேண்டும். பெரும்பாலான ஆவணப்பட வினியோகஸ்தர்கள் சமூகத் திரையிடலுக்கென்று ஒரு கட்டணம் வைத்திருப்பார்கள். இலவச நிகழ்ச்சி, இத்தனை நாற்காலி, ஒரே ஒரு நாள் என்று தெளிவாக எழுதிக் கேட்டால் பல இயக்குநர்கள் குறைத்தும் தருவார்கள், சிலர் இலவசமாகவே தருவார்கள். நெட்பிளிக்ஸ் தன் சில ஆவணப்படங்களுக்கு மட்டும், இலாப நோக்கமில்லாத கல்வித் திரையிடலை ஒரு முறை நடத்த அனுமதிக்கிறது. எந்தப் படத்துக்கு அது உண்டு என்பது அந்தப் படத்தின் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கும். இடைவேளையில் பாட்டுப் போடுவதாக இருந்தால் இசைக்கும் உரிமம் உண்டு, இசைப் பதிப்புரிமை அமைப்பான எம்ஏசிபியிடம் கேளுங்கள்.

அடுத்து, தணிக்கை. மலேசியாவில் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி இல்லாத படத்தைக் காட்டுவது குற்றம். வாரியத்தை இங்கே எல்லோரும் எல்பிஎஃப் என்றே சொல்வார்கள். காசு வாங்கவில்லை, சங்கக் கட்டடத்துக்குள்தான் காட்டினோம், தெரிந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள் என்பதெல்லாம் பாதுகாப்பு தராது. 6ஆம் பிரிவின்படி 5,000 ரிங்கிட் முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் அல்ல. 2013 ஜூலையில் கோலாலம்பூரில், இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை ஒரு மண்டபத்தில் காட்டியதற்காக மனித உரிமைப் பணியாளர் ஒருவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு ஆண்டு இழுத்து, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் படம் நம் மக்களின் வலியைப் பற்றியது. அது இங்கே காட்டப்பட வேண்டிய படம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் குழுவில் உள்ள இருபது வயதுப் பிள்ளைகளின் மேல் வழக்கு வருமா என்பதை அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் முடிவு செய்யக்கூடாது.

எனவே வினியோகஸ்தரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இந்தப் படத்துக்கு ஏற்கனவே எல்பிஎஃப் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தால் அதன் நகலை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் நீங்களோ வினியோகஸ்தரோ விண்ணப்பிக்க வேண்டும். தெருவில் யார் வேண்டுமானாலும், எந்த வயதினரும் நின்று பார்க்கலாம் என்பதால் எல்லோரும் பார்க்கக்கூடிய 'யு' சான்றிதழ் உள்ள படமே பொருத்தம். உங்கள் சொந்தக் காணொளிக் கலையும் ஒரு படம்தான் என்பதை மறக்க வேண்டாம். திரைப்படங்களை வினியோகிக்கவும் காட்டவும் உரிமம் தருவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ். அந்த உரிமம் உள்ள ஓர் அமைப்பைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். கலை நிறுவனத்தோடு சேர்வதன் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று.

இனம், மதம், அரசர் என்ற மூன்றில் ஒன்றைத் தொடும் படைப்பாக இருந்தாலும், தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞர் நேரில் வந்து நிகழ்த்தப் போகிறார் என்றால் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் வேண்டும்.

இடத்துக்கான அனுமதி பினாங்கு மாநகர் மன்றத்திடம். சாலையை அடைப்பதாக இருந்தால் போக்குவரத்துக் காவல்துறையும், கூடாரம் போட்டால் தீயணைப்புத் துறையும் சேரும். அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு எப்படியும் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். எல்லா அனுமதிகளின் நகலையும் ஒரே கோப்பில் போட்டு, நிகழ்ச்சி அன்று ஒருவர் கையில் இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால் அவர் மட்டும் பேச வேண்டும்.

முதன்முறை செய்பவர்களுக்கு என் யோசனை: சாலை வேண்டாம். ஒரு முற்றம், வாகன நிறுத்துமிடம், பள்ளித் திடல் போதும். சாலை அடைப்பு இல்லை என்றால் அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம்.

ஆறாம் படி: பழைய சுவரைக் காயப்படுத்தாமல் கலை வைப்பது

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசியது. அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், மூச்சு விடுவது போல. அதன் மேல் நவீனப் பிளாஸ்டிக் சாயத்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சு உப்பி உதிரும். ஆணி அடித்தாலும் பூச்சு உதிரும். வீட்டுக்காரர் சரி என்றாலும், பாரம்பரிய வட்டாரத்துக்குள் சுவரில் வரைய மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை.

அதனால் சுவரைத் தொடாமல் செய்யுங்கள். மூங்கில் சட்டம், தூணைச் சுற்றிக் கட்டும் துணி, மேல்மாடிச் சன்னலிலிருந்து தொங்கும் பதாகை, தானாக நிற்கும் மரப்பலகை. ஒளியால் வரைவது இன்னும் நல்லது, அணைத்தால் சுவர் பழையபடி இருக்கும். அஞ்சடியில் எதை வைத்தாலும் சக்கர நாற்காலி போகுமளவு வழி விடுங்கள். விளக்கக் குறிப்பைத் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து வரி போதும், நின்றுகொண்டே படிப்பார்கள்.

ஏழாம் படி: திரை, ஒளி, ஒலி

அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வேன் வந்து, இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மலாய்க்காரர்கள் அதை வாயாங் பாச்சாக் என்பார்கள். இன்றும் நமக்குத் தேவை அவ்வளவுதான். கணக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நூறு பேருக்கு நான்கு மீட்டர் அகலத் திரை சரியாக இருக்கும். உயரம் இரண்டேகால் மீட்டர், ஆக ஒன்பது சதுர மீட்டர். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் குறைந்தது 5,000 லூமன் (ஒளியின் அளவு) ஒளிவீச்சுக் கருவி வேண்டும். எவ்வளவு தள்ளி வைப்பது? கருவியின் எறிவிகிதத்தை, அதாவது தூரத்துக்கும் திரை அகலத்துக்கும் உள்ள விகிதத்தை, திரை அகலத்தால் பெருக்குங்கள். விகிதம் 1.5 என்றால் ஆறு மீட்டர். அந்த ஆறு மீட்டரில் யாரும் குறுக்கே நடக்காதபடி கருவியை உயரமாக வையுங்கள். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டராவது மேலே இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் மொழிபெயர்ப்பு வரிகளை மறைத்துவிடும். துணித் திரையைக் கட்டும்போது காற்றுக்கு நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். கடலிலிருந்து வரும் காற்று சட்டென்று வேகம் எடுக்கும்.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் குறையும். அதற்காக முன்னால் இரண்டு பெரிய ஒலிபெருக்கியை வைத்து அலற விட்டால், முன்வரிசைக்குக் காது வலிக்கும், மேல்மாடிப் பாட்டிக்குத் தூக்கம் போகும். நான்கு சிறிய ஒலிபெருக்கிகளைப் பார்வையாளர்களுக்குப் பக்கத்தில், குறைந்த ஒலியில் பிரித்து வையுங்கள். ஆவணப்படத்தில் பேச்சுத்தான் உயிர், இசை அதிர வேண்டியதில்லை.

கருவியும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்து பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவாட்டுக்குள் அடங்கும். ஒரு 13 ஆம்பியர் இணைப்பு ஏறக்குறைய மூன்று கிலோவாட் தாங்கும். ஆனால் அதே இணைப்பில் யாரும் தண்ணீர் கொதிக்க வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவு மின் துண்டிப்பான் இல்லாத பழைய வீட்டிலிருந்து மழைக்காலத்தில் கம்பி இழுக்கவே வேண்டாம்.

மழை முடிவை மாலை ஐந்து மணிக்கு எடுத்துவிடுங்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஏழு மணி வரை இழுத்தால் கருவியும் நனையும், மக்களும் குழம்புவார்கள்.

எட்டாம் படி: மொழிபெயர்ப்பு வரிகள்

எனக்கு மிகவும் நெருக்கமான படி இது. தமிழ் ஆவணப்படத்தைச் சீன, மலாய் அண்டைவீட்டார் புரிந்துகொள்வதும், வெளிநாட்டுப் படத்தை நம் பாட்டி புரிந்துகொள்வதும் இந்த வரிகளால்தான். இங்கே பணம் செலவழியுங்கள். வேறெங்கு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த ஓர் அம்மா படத்தில், "விடியக்காத்தால அஞ்சு மணிக்கு மரம் வெட்டப் போவோம்" என்றார். மொழிபெயர்த்தவர் வெளியூர்க்காரர். மலாயில் 'மெனெபாங்' என்று போட்டுவிட்டார், மரத்தை வெட்டிச் சாய்ப்பது என்று பொருள். அந்த அம்மா சொன்னது பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவுவதை, மலாயில் 'மெனோரே'. ஒரு சொல்லில் அவருடைய முப்பது வருட உழைப்பு காட்டை அழிக்கும் வேலையாக மாறிவிட்டது. அதனால் மொழிபெயர்ப்பைப் படத்தில் பேசியவரின் வாழ்க்கையை அறிந்த ஒருவரிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), கங்காணி (மேற்பார்வையாளர்) போன்ற சொற்களை அப்படியே வைத்து, முதல் தடவை மட்டும் இரண்டு சொல்லில் விளக்கினால் போதும்.

தமிழ் வரிகளைத் திரையில் ஏற்றும்போது தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று எப்போதும் வரும். பல படத்தொகுப்பு மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காது. 'கோயில்' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கால் தனியாகத் தொங்கும். மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள், யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள், பிறகு வரிகளைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்து வெளியே எடுங்கள். தனிக் கோப்பாக வைத்தால் நிகழ்ச்சி இரவில் வேறு கணினியில் மறுபடியும் உடையும். முழுப் படத்தையும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கில வரிக்குப் பொருந்தும் நேரம் தமிழுக்குப் போதாது. ஒரு வரிக்கு ஐந்து சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரி, இதற்கு மேல் போகாதீர்கள். சொன்னதையெல்லாம் மொழிபெயர்க்க முயலாமல் சுருக்குங்கள். முகத்தைப் பார்க்கவும் நேரம் வேண்டுமே.

ஒன்பதாம் படி: அந்த மாலை

நான்கு மணிக்கு நாற்காலி, ஆறு மணிக்கு ஒலிச் சோதனை, இருட்டியதும் ஒளிச் சோதனை. வயதானவர்களுக்குச் சாய்வுள்ள நாற்காலி முன்னால், குழந்தைகளுக்குப் பாய். கொசுவத்தியும் குடிநீரும் மறக்க வேண்டாம். வரவேற்புரை மூன்று நிமிடம். பிரமுகர்களின் பேச்சு வேண்டாம் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள், அன்று மாலை மறுப்பது கடினம்.

படம் முடிந்ததும் விளக்கை உடனே போடாதீர்கள். அரை நிமிடம் இருட்டு இருக்கட்டும். அப்புறம் கலந்துரையாடல். முதல் பேச்சு இயக்குநருடையதாக இருக்கக் கூடாது, தெருவில் வாழும் ஒருவருடையதாக இருக்கட்டும். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நடத்துநருக்குத் தமிழும் மலாயும் சரளமாக வர வேண்டும், ஹொக்கியன் பேசுபவர் பக்கத்தில் மெதுவாக மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். ஒலிவாங்கியைக் கண்டால் சிலர் ஒதுங்குவார்கள். அவர்களுக்காகத் தேநீர் மேசைப் பக்கம் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல சொற்கள் பலவும் அந்த நோட்டில்தான் இருந்தன.

துயரமான படம் என்றால் யாராவது அழலாம், எழுந்து போகலாம். அவர் பின்னால் கேமராவோடு போகாதீர்கள். குழுவில் ஓர் அக்காவோ அண்ணனோ போய்ப் பக்கத்தில் நின்றால் போதும்.

பத்தாம் படி: மறுநாளும் மறுவாரமும்

இரவே குப்பையைக் கூட்டுங்கள். காலையில் ஆறு மணிக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள், வெளிச்சத்தில்தான் கயிற்றுத் துண்டும் பிளாஸ்டிக் கோப்பையும் கண்ணில் படும். கடன் வாங்கிய நாற்காலியை எண்ணிக் கொடுங்கள். உடைந்திருந்தால் கேட்பதற்கு முன் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கடைக்கும் மறுபடியும் போங்கள், படம் காட்டிய அந்த இரவின் புகைப்படம் ஒன்றை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். படத்தில் பேசியவர் குடும்பத்துக்கு, இயக்குநரின் ஒப்புதலோடு, படத்தின் ஒரு பிரதி. நோட்டில் மக்கள் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்து, வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து எல்லாக் கூட்டாளிகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். நிதி தந்தவருக்குப் போகும் அதே அறிக்கை பூக்கடை அக்காவுக்கும் தமிழில் போக வேண்டும்.

எங்கள் இரண்டாவது நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த அறிக்கையோடு போனபோது, விளம்பரப் பலகைக் கடையின் அண்ணன் கல்லாவைத் திறந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துக் காட்டினார். டைமர் பெட்டியின் மாற்றுச் சாவி. "இது இங்கயே தொங்கும். நீங்க தேதியை மட்டும் சொல்லுங்க" என்றார்.